ரியர் ஆக்சில் ஹவுசிங்கில் வெல்டு வைப்பதற்கு முன்

தம்பி, 1953 ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பை ஹாட் ராடாக (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய வண்டி) மாற்றுகிறீர்கள், வி8 எஞ்சின் ஏறப்போகிறது, பின்பக்கத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபோர்டு 9 இன்ச் ஹவுசிங் (பின் ஆக்சிலையும் அதன் கியரையும் உள்ளே வைத்திருக்கும் எஃகுக் கூடு) வந்து இறங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் முதுகில் எத்தனை மி.மீ. தகடு வைத்தால் தாங்கும், ஸ்பிரிங் உட்காரும் பெர்ச்சை எந்த இடத்தில் பற்றவைப்பது என்பவைதான் உங்கள் இரண்டு கேள்விகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்பீஸால் கோடு போட்டுவிட்டீர்கள், பக்கத்தில் மிக் வெல்டிங் மெஷினும் தயாராக நிற்கிறது. அதனால் நீங்கள் கேட்காத கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்: இவ்வளவு இரும்பையும் பற்றவைத்த பிறகு அந்த ஹவுசிங் நேராக இருக்குமா? தகட்டின் கனம் இரண்டாவது விஷயம். வளைந்துபோன ஹவுசிங்கில் எவ்வளவு இரும்பு இருந்தாலும் பேரிங்கும் சீலும் நிற்காது.

நான் சிங்கப்பூரில் ஜூரோங்கிலும் துவாஸிலும் கப்பல் பட்டறைகளில் 26 ஆண்டுகள் வெல்டராகவும் பிறகு ஃபோர்மேனாகவும் வேலை பார்த்தவன். ஓய்வுக்கு அப்புறம் சுங்கை காடுட்டில் நண்பர் ஒருவரின் பட்டறையில் பழைய வண்டிகளுக்கு உதவுகிறேன். இதுவரை பதினைந்து, பதினாறு ஹவுசிங் என் கையில் வந்திருக்கும். நான் பொறியாளர் இல்லை. கணக்குப் போட்டுக் கையெழுத்திடும் தகுதி எனக்குக் கிடையாது. அதனால் உறுதியாகத் தெரிந்தது எது, கைப்பழக்கத்தில் செய்வது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த ஹவுசிங் எதையெல்லாம் தாங்குகிறது என்று பாருங்கள். வண்டியின் எடை ஸ்பிரிங் வழியாகப் பெர்ச்சில் கீழே அழுத்துகிறது. டயர் இரண்டு முனையிலும் மேலே தள்ளுகிறது. ஆகவே பெர்ச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் கூடக் கூட நடுப்பகுதி அதிகமாக வளையப் பார்க்கும். வண்டி பாயும்போது டயர்கள் இரண்டு முனைகளையும் முன்னால் தள்ளும். நடுவில் ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஹவுசிங்கின் பின்பக்கம் இழுபடுகிறது. மூன்றாவதாக முறுக்கு. எஞ்சின் 400 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் 2.5, பின் ஆக்சிலின் கியர் செட்டான கிரௌன் பினியன் 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 3,500 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையின் நுனியில் ஏறக்குறைய 350 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. சக்கரத்தை முன்னால் சுழற்றும் அதே முறுக்கு எதிர்த்திசையில் திரும்பி, பினியன் மூக்கை (எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு ஹவுசிங்கில் சேரும் முன்முனை) மேலே தூக்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது நீங்கள் பற்றவைக்கப்போகும் பெர்ச்சும் அதன் வெல்டும்தான்.

ஃபோர்டு 9 இன்ச் நல்ல தேர்வு. 1957 மாடலில் தொடங்கி 1986 வரை வந்த ஆக்சில் இது. கிரௌன் சக்கரத்தின் விட்டம் 9 அங்குலம், அதாவது 229 மி.மீ. வாக்கில். கியர் செட் முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும். பின்னால் திறக்கும் மூடி கிடையாது. ஹவுசிங்கின் நடுப்பகுதி அழுத்தி வடித்த எஃகுத் தகடு என்பதால் சாதாரண வெல்டை நன்றாக ஏற்கும். அதன் பலவீனமும் அதே இடத்தில்தான். முன்னால் பெரிய வட்டத் திறப்பு இருக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் தகடு ஒன்றும் கனமானதல்ல. அதனால்தான் முதுகில், ஒரு குழாயிலிருந்து மறு குழாய் வரை பாலம் போலத் தகடு வைத்துக் கட்டுகிறார்கள். நடுவே வார்ப்பிரும்பு உடலும் இருபுறமும் அழுத்திச் செருகிய குழாய்களுமாக வரும் வேறு வகை ஆக்சில்கள் உண்டு. அவற்றில் குழாயையும் வார்ப்பையும் சேர்த்துப் பற்றவைப்பது தனி வேலை: முன்சூடு வேண்டும், நிக்கல் ராடு வேண்டும், மெதுவாக ஆறவிட வேண்டும். யாராவது அந்த முறையை உங்களிடம் சொன்னால் உங்கள் ஹவுசிங்குக்கு அது பொருந்தாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, உங்களுக்கு முதுகுத்தகடு அவசியமா? இதை நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஹவுசிங்கைச் சோதிப்பது எஞ்சினின் குதிரைத்திறன் மட்டுமில்லை, டயரின் பிடிப்பும்தான். பிடிப்பு விட்டு டயர் சுழன்றுவிட்டால் அதற்கு மேல் முறுக்கு ஏறாது. சாதாரணத் தெரு டயர், மிதமான வி8, லீஃப் ஸ்பிரிங் (கமான் பட்டை) என்றால் நல்ல நிலையில் இருக்கும் 9 இன்ச் ஹவுசிங் அப்படியே போதும் என்பது என் கருத்து. அகலமான ஒட்டும் டயர் போட்டு, நின்ற இடத்திலிருந்து பாயவிடுவதாக இருந்தால் தகடு வையுங்கள். கனம் 5 அல்லது 6 மி.மீ. மைல்டு ஸ்டீல். இது என் வழக்கம். பத்து மி.மீ. வேண்டாம். தகடு கனக்கக் கனக்க அதைப் பற்றவைக்க ஏற்றும் சூடும் கூடும், இழுப்பும் கூடும்.

அந்த இழுப்புதான் விஷயமே. உருகிய வெல்டு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்து இரும்பையும் தன் பக்கம் இழுக்கும். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி சூடேறினாலே 1.2 மி.மீ. நீளும். வெல்டு ஓடும் இடத்தில் 1,500 டிகிரிக்கு மேல். சூட்டில் நீள முடியாமல் நெருக்குண்ட இரும்பு, ஆறும்போது முன்பிருந்ததைவிடக் குட்டையாகிவிடும். ஆகவே எந்தப் பக்கம் வெல்டு வைக்கிறீர்களோ அந்தப் பக்கம் குட்டையாகி, முனைகள் அந்தப் பக்கமே திரும்பும். முதுகில் வைத்தால் முனைகள் பின்னால் போகும், சக்கரங்களின் முன்விளிம்பு வெளியே விரியும். முன்பக்கம் பிராக்கெட் வைத்தால் முன்விளிம்பு உள்ளே கூடும். மேலே வைத்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எவ்வளவு இழுக்கும் என்பதுதான் ஒவ்வொரு ஹவுசிங்குக்கும் மாறும்.

நான் செய்த முதல் ஹவுசிங்கில் இதை அனுபவித்தேன். கப்பலில் இருபது மி.மீ. தகடு பற்றவைத்துப் பழகிய கை. இந்தச் சின்னக் குழாய் என்ன செய்துவிடும் என்று நினைத்து, முதுகுத்தகட்டின் மேல்விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாக ஓட்டி, கீழ்விளிம்பையும் அப்படியே முடித்தேன். வெல்டு பார்க்க அழகாக, மீன் செதில் அடுக்கியது போல இருந்தது. மறுநாள் காலை ஆக்சில் ஷாப்டைச் செருகினால் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. ஷாப்ட் நுனியிலுள்ள ஸ்ப்ளைன் பல் கியருக்குள் நுழைய மறுக்கிறது. ஷாப்டைத் தூக்கிப் பிடித்து நெம்பினால் நுழைகிறது, கையை விட்டால் சீலின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு உட்காருகிறது. இரண்டு பிரேக் டிரம்மையும் மாட்டி, முன்விளிம்புகளுக்கு இடையேயும் பின்விளிம்புகளுக்கு இடையேயும் டேப் பிடித்துப் பார்த்தேன். 5 மி.மீ. வித்தியாசம். அதை நிமிர்த்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்த வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் அளக்காமல் தொடங்கியதுதான் தவறு என்று எனக்குத் தெரியும்.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். பேரிங், சீல், கியர் செட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹவுசிங்கை உள்ளும் புறமும் கழுவுங்கள். பழைய கியர் ஆயில் மூலையில் ஒளிந்திருந்தால் வெல்டு ஓடும்போது பொங்கி வந்து ஓட்டை ஓட்டையாக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் மட்டும் கழுவாதீர்கள். அதன் மிச்சம் ஆர்க் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும், உயிருக்கே ஆபத்து. டிகிரீசரும் தண்ணீரும் போதும், நன்றாகக் காய வைக்க வேண்டும். கழுவியபின் வெல்டு வைக்கும் முன்பே நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹவுசிங் ஏற்கெனவே வளைந்து வந்திருக்கலாம்.

அளப்பதற்குச் சரியான கருவி அலைன்மென்ட் பார்: 38 மி.மீ. கனத்தில் நேராகக் கடைந்த எஃகுத் தண்டு, பேரிங் உட்காரும் இடங்களில் பொருந்தும்படி நான்கு வட்டுகள். வட்டுகளை நடுவிலும் இரு முனையிலும் வைத்துத் தண்டை உள்ளே விட்டால், ஹவுசிங் நேராக இருக்கும்வரை இரண்டு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும். இழுப்பு வந்ததும் கையில் உடனே தெரியும். முதலில் லேசாக உரசும், அப்புறம் நிற்கும். லேத் வைத்திருப்பவரிடம் சொன்னால் கடைந்து தருவார். நடு வட்டுகள் உட்கார, கியர் இல்லாத ஒரு பழைய கேஸ் (கியர் செட்டைத் தாங்கும் கூடு) தேவை. அந்தக் கேஸை ஹவுசிங்கின் முன்திறப்பில் எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கியபடிதான் வெல்டு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த வட்ட முகம் நெளிந்து, பிற்பாடு எந்த கேஸ்கட் போட்டாலும் ஆயில் கசியும்.

தகட்டை ஹவுசிங்கின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வையுங்கள். இடைவெளியை வெல்டால் நிரப்பினால் அந்த அளவுக்கு இழுப்பும் கூடும். முதலில் டேக் (தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. பிறகு 30 மி.மீ. துண்டு துண்டாக வெல்டு: மேல்விளிம்பில் இடப்பக்கம் ஒன்று, கீழ்விளிம்பில் வலப்பக்கம் ஒன்று, இப்படித் தாவித் தாவி. கை வைக்க முடிகிற அளவு ஆறட்டும். தண்டை நகர்த்திப் பாருங்கள். அப்புறம் அடுத்தது. ஒரு முழு நாள் ஆகும், ஆகட்டும். குழாயைச் சுற்றி வளையம் போட்டதுபோல வெல்டு ஓட்டாதீர்கள்; குழாயின் நீளவாக்கில் ஓடும் வெல்டே நல்லது. வெல்டு தொடங்கும் இடமும் முடியும் இடமும் விரிசலுக்கு வாசல். அவை குழாயின் உச்சியிலோ அடியிலோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வளைவின் அழுத்தம் அங்கேதான் அதிகம். மிக் என்றால் இஆர்70எஸ்-6 வயர் போதும். ஸ்டிக் வெல்டிங்குக்கான 7018 ராடு என்றால் நம் ஊர் ஈரப்பதத்தை மறக்காதீர்கள். பாக்கெட்டைப் பிரித்து ஒரு இரவு வெளியே வைத்த ராடு ஈரத்தைக் குடித்துவிடும். பட்டறையில் அந்த ராடுகளை எப்போதும் 120 டிகிரிக்கு மேல் அடுப்பில்தான் வைத்திருப்போம். எர்த் கிளாம்பை நேராக ஹவுசிங்கிலேயே மாட்டுங்கள். மின்சாரம் ஒரு பேரிங் வழியாகப் போனால் அந்த பேரிங் அன்றோடு முடிந்தது.

இவ்வளவு கவனித்தும் கொஞ்சம் இழுக்கும். அதை நிமிர்த்தும் வித்தை கப்பல் பட்டறையில் தினமும் செய்வதுதான். வளைந்த தகட்டின் எதிர்ப்பக்கம் டார்ச்சால் கோடு போல் சூடு காட்டி ஆறவிட்டால், சுருங்கி நேராக வரும். இங்கே முதுகில் வெல்டு வைத்ததால் முனை பின்னால் போயிருந்தால், குழாயின் முன்பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவு இடத்தை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூடாக்கும்போது வளைவு அதிகமாவது போலத் தெரியும், பயப்படாதீர்கள். ஆறிய பிறகுதான் திரும்பி வரும். ஒரு பொட்டு, ஒரு அளவு. மறுபடி ஒரு பொட்டு. டிரம்முக்கு டிரம் முன்பின் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வந்து, தண்டு தடையில்லாமல் ஓடினால்தான் எனக்குத் திருப்தி. சம்மட்டியாலும் ஜாக்கியாலும் நிமிர்த்துபவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை.

இனி பெர்ச். இடம் எது என்று கேட்டீர்கள். அகலவாக்கில் உங்கள் வண்டியின் ஸ்பிரிங்தான் அதை முடிவு செய்கிறது, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது கோணம். பினியன் எவ்வளவு மேலே அல்லது கீழே பார்க்கிறது என்பதைப் பெர்ச் வெல்டு நிரந்தரமாகப் பூட்டிவிடும். யூ-ஜாயின்ட் (கியர்பாக்ஸையும் பினியனையும் இணைக்கும் தண்டின் இரு முனையிலும் இருக்கும் மடங்கு மூட்டு) ஒன்று கோணத்தில் சுழலும்போது மறுமுனையின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். இரண்டு ஜாயின்டிலும் கோணம் சமமாக, எதிரெதிராக இருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். அதாவது கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இது உறுதி. ஒவ்வொரு ஜாயின்டிலும் 3 டிகிரிக்குள் வையுங்கள். ஆனால் சுத்தமாகப் பூஜ்யமும் வேண்டாம், ஜாயின்டுக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் பள்ளம் பறித்துவிடும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் இன்னொன்று சேரும். பாயும்போது கமான் பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே எழும். அதை எதிர்பார்த்து, நிற்கும்போது இணைநிலையைவிட 2 முதல் 3 டிகிரி மூக்கைக் கீழே வைப்பார்கள். இந்த எண் அனுபவத்தில் வந்தது. மெல்லிய பட்டை அதிகம் முறுக்கும், கனமானது குறைவாக. நான் தெருவண்டிக்கு 2 வைப்பேன். அளப்பதற்கு ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒன்று வாங்கி, பினியன் யோக்கின் (தண்டு வந்து மாட்டும் கவை) முகத்தில் ஒட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் வண்டி தன் முழு எடையில், நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். உங்கள் படத்தில் எஞ்சின் இன்னும் வெளியே ஸ்டாண்டில் இருக்கிறது, பின்பெட்டியும் இல்லை. இந்த நிலையில் பெர்ச்சை முழுதாகப் பற்றவைத்தால், எல்லாம் ஏறியபின் ஸ்பிரிங் இறங்கிக் கோணம் மாறிவிடும். ஆகவே பெர்ச்சை இப்போது சும்மா குழாயில் உட்காரவைத்து, யூ-போல்ட்டால் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பெட்டி, டேங்க் எல்லாம் ஏறட்டும். பிறகு ஸ்பிரிங்கின் முன்கண் போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இருபுறமும், அப்புறம் குறுக்காகவும் அளந்து 2 மி.மீ.க்குள் கொண்டுவந்து, கோணம் வைத்து, இரண்டு இரண்டு டேக். 9 இன்ச்சில் பினியன் சரியாக நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். அதை நடுவுக்குக் கொண்டுவர ஆக்சிலை நகர்த்தாதீர்கள். நடுவில் இருக்க வேண்டியவை சக்கரங்கள்.

டேக் வைக்கும்போது ஸ்பிரிங்கை ஈரத்துணியால் மூடுங்கள். கமான் பட்டையில் ஒரு வெல்டு பொறி தெறித்தாலே அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பலாம். முழு வெல்டுக்கு ஆக்சிலைக் கழற்றி வெளியே எடுத்து, தண்டை மறுபடி உள்ளே விட்டு, பெர்ச்சின் இரண்டு பக்கவாட்டு விளிம்புகளிலும் துண்டு துண்டாக, இடது வலது மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், அவை ஒருமுறை இழுபட்டவை. புதிது போட்டு, கொஞ்சம் ஓட்டியபின் மறுபடி இறுக்க வேண்டும்.

ஃபோர்-லிங்க் (கமான் பட்டைக்குப் பதில் நான்கு கம்பிகளால் ஆக்சிலைப் பிடிக்கும் முறை) போடலாமா என்று கடைசி வரியில் ஒரு ஆசையும் தெரிகிறது. இந்த வண்டிக்கு லீஃப் ஸ்பிரிங்கே இருக்கட்டும் என்பது என் யோசனை. ஃபோர்-லிங்க் என்றால் ஹவுசிங்கில் நான்கு பிராக்கெட், சட்டத்தில் நான்கு, பக்கவாட்டு அசைவுக்கு நீளமான பான்ஹார்டு ராடு, சுருள் ஸ்பிரிங்குக்குத் தனி இடம். ஒவ்வொன்றும் ஒரு வெல்டு, ஒவ்வொரு வெல்டும் ஒரு இழுப்பு. முதல் ஹவுசிங்கை நேராக முடித்த கைக்கு அது அடுத்த வண்டியில் வரட்டும்.

வேலை முடிந்ததும் கசிவு பார்க்க எங்கள் பழைய கப்பல் முறை ஒன்று உண்டு. சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து வெல்டின் வெளிப்புறம் பூசிக் காயவிடுங்கள். உட்புறம் மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டால், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் ஈரக்கறை பூத்துவிடும். அந்த இடத்தை உடனே பற்றவைக்கக் கூடாது, மண்ணெண்ணெயை முழுக்கத் துடைத்து உலர்த்திய பிறகுதான். ஹவுசிங்கின் மூச்சுத் துளை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத் தகடு மூடிவிட்டால் சூட்டில் உள்ளே காற்று விரிந்து, ஆயிலை நல்ல சீல் வழியாகவே வெளியே தள்ளும்.

இரண்டு விஷயங்களை இங்கிருந்து என்னால் தீர்க்க முடியாது. ஒன்று, இந்தக் குழாயில் பழைய விரிசல் இருக்கிறதா என்பது. பழைய பெர்ச்சை வெட்டிய வடு படத்தில் தெரிகிறது, அங்கே கிரைண்டர் ஆழமாகக் கடித்த மாதிரி இருக்கிறது. சிவப்புச் சாயம் தெளித்துப் பார்க்கும் டை டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று அனுமதி. வண்டியைச் சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், ஆக்சிலையும் சஸ்பென்ஷனையும் தொடும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வெல்டு வைத்தபின் கேட்பது பணத்துக்கும் உழைப்புக்கும் நஷ்டம்.

மெஷினை இப்போதைக்கு அணைத்து வையுங்கள். ஹவுசிங்கைக் கழுவி, வெறும் ஷாப்ட் இரண்டையும் டிரம்மையும் மாட்டி, முன்விளிம்பு, பின்விளிம்பு, மேல்விளிம்பு, கீழ்விளிம்பு என்று நான்கு அளவுகளை இங்கே எழுதுங்கள். வடு இருக்கும் இடத்தில் குழாயின் கனத்தையும் அளந்து போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு முதல் டேக் எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.